மனவியலின் கதை – 17: முடிவு தெரியாத காத்திருப்பு

சென்ற அத்தியாயத்தை 1920-களின் வியன்னாவில் நிறுத்தியிருந்தோம். ஃபிராய்ட் ஒரு பக்கம், ஆட்லர் மறுபக்கம். நடுவில் இருவரிடமும் பாடம் கேட்டு, இருவரோடும் ஒத்துப்போகாமல் வெளியே வந்த ஓர் இளைஞர், விக்டர் ஃபிராங்க்ல். 1905-இல் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே ஃபிராய்டுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். அவருடைய சிறு கட்டுரை ஒன்றை ஃபிராய்டே தம் ஆய்விதழுக்கு அனுப்ப, அது 1924-இல் அச்சேறியது. 1927-இல் ஆட்லரின் வட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். மருத்துவப் படிப்பை இன்னும் முடித்திருக்கவில்லை. ஆனால் கையில் ஒரு வேலை இருந்தது.

பள்ளி ஆண்டு முடிந்து மதிப்பெண் அறிக்கை கைக்கு வரும் நாட்களில் வியன்னாவில் மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொள்வது வழக்கமாகிப் போயிருந்தது. மே, ஜூன் மாதங்களில் நம் நாளிதழ்களைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1928 முதல் ஃபிராங்க்ல் நகரமெங்கும் இளைஞர் ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். கட்டணம் கிடையாது. பெயரைச் சொல்ல வேண்டாம், பெற்றோருக்குத் தகவல் போகாது. ஆலோசகர்கள் தங்கள் வீட்டிலோ மருத்துவ அறையிலோ மாணவர்களைச் சந்தித்தார்கள். ஊதியம் வாங்காமல் உழைத்த அந்த ஆலோசகர்களில் ஒருவர் சார்லட் பியூலர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறார். 1930-ஐ ஒட்டி, மதிப்பெண் அறிக்கை வரும் நாட்களைக் குறிவைத்து ஒரு சிறப்பு இயக்கம் நடந்தது. பல ஆண்டுகளில் முதல்முறையாக வியன்னாவில் மாணவர் தற்கொலை ஒன்றுகூட இல்லாத பருவம் வந்தது.

ஃபிராங்க்லின் மற்ற கருத்துகளெல்லாம் இந்த அனுபவத்தின் மேல் எழுந்தவை. வந்த மாணவர்களிடம் அவர் நோயைத் தேடவில்லை. இந்த மதிப்பெண்ணுக்கு அப்பால் உனக்காக என்ன காத்திருக்கிறது என்று கேட்டார்.

வேலையில்லாதவனின் நோய்

அடுத்து வந்தது உலகப் பொருளாதார வீழ்ச்சி. வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்ற சிற்றூரில் இருந்த நூற்பாலை மூடப்பட்டு, ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் செய்சல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் அங்கு போய் மக்களோடு பழகி எழுதிய நூல் 1933-இல் வந்தது. வேலை போனவனுக்கு நேரம் மிச்சமாகும், அதில் படிப்பான், அரசியல் பேசுவான் என்பதுதான் பொது எண்ணம். மரியந்தாலில் நடந்தது வேறு. நூலகத்தில் எடுக்கும் புத்தகங்கள் குறைந்தன. தெருவில் ஆண்களின் நடைகூட மெதுவானது. நாள் நீண்டு, உள்ளீடில்லாமல் போனது.

அதே ஆண்டில் ஃபிராங்க்லும் வேலையில்லாத இளைஞர்களின் மனச்சோர்வைப் பற்றி எழுதினார். வேலையில்லாமல் இருப்பதை அவர்கள் பயனற்றவனாக இருப்பதோடும், பயனற்றவனாக இருப்பதை வாழ்வுக்கு அர்த்தமே இல்லை என்பதோடும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. இளைஞர் அமைப்புகளிலும் பொது நூலகங்களிலும் ஊதியமில்லாத பொறுப்புகளை ஏற்கச் சொன்னார். ஏற்றவர்களில் பலருக்கு வயிறு காலியாகவே இருந்தும் சோர்வு விலகியது என்று பதிவு செய்தார். 1933 முதல் 1937 வரை ஸ்டெய்ன்ஹோஃப் மனநல மருத்துவமனையில், தற்கொலை எண்ணத்தோடு வரும் பெண்களுக்கான பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. ஆண்டுக்கு மூவாயிரம் பேர்வரை அங்கு வந்தார்கள்.

1938-இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான ஃபிராங்க்லுக்கு அமெரிக்க விசா கிடைத்தும், முதிய பெற்றோரை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். 1942 செப்டம்பரில் பெற்றோர், மனைவி டில்லியோடு தெரேசியன்ஸ்டட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

முகாமுக்குள் ஒரு மனநலப் பிரிவு

தெரேசியன்ஸ்டட், இன்றைய செக் குடியரசில் இருக்கும் பழைய கோட்டை நகரம். அங்கே அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். அதில் 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே இறந்தனர். பெரும்பாலோர் கிழக்கே மரண முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்டனர். புதிதாக வந்து இறங்குபவர்களின் முதல் அதிர்ச்சிதான் ஆபத்தானது என்று கண்ட ஃபிராங்க்ல், முகாமின் மருத்துவ அமைப்புக்குள்ளேயே ஒரு மனநலக் கவனிப்புப் பிரிவை உருவாக்கினார். ரயில் நிலையத்துக்கே போய் வந்தவர்களை எதிர்கொண்டு பேசும் பொறுப்பை ரெஜினா யோனாஸ் ஏற்றார். யூத சமய வரலாற்றில் முறைப்படி ரபியாக நியமனம் பெற்ற முதல் பெண் அவர். உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தவர்களைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. முகாமுக்குள் சொற்பொழிவுகள் நடந்தன. ஃபிராங்க்ல் பேசிய தலைப்புகளில் மலையேற்றத்தின் உளவியலும் ஒன்று. யோனாஸ் 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஃபிராங்க்லும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களில் டாஹாவ் முகாமின் கிளைகளான காவ்ஃபெரிங்குக்கும் பிறகு டுர்க்ஹெய்முக்கும் மாற்றப்பட்டார். 1945 ஏப்ரல் 27-இல் விடுதலை. தந்தை தெரேசியன்ஸ்டட்டிலேயே இறந்திருந்தார். தாய், சகோதரன், மனைவி யாரும் மிஞ்சவில்லை. வியன்னா திரும்பி ஒன்பது நாட்களில் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த முகாம் நினைவுகள் 1946-இல் வெளிவந்தன. ஆங்கிலத்தில் வந்த பிறகு உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்ற அந்த நூல் தமிழிலும் கிடைக்கிறது.

நூலைப் படித்தவர்கள் ‘வாழ்வின் அர்த்தம்’ என்ற சொல்லையே நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முகாம் வாழ்க்கைக்கு அவர் தந்த வரையறை. அது எப்போது முடியும் என்று தெரியாத தற்காலிக வாழ்க்கை. சிறைத் தண்டனைக்கு ஒரு தேதி உண்டு. முகாமுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாதவனால் எதிர்காலத்தை வைத்துத் திட்டமிட முடியாது. திட்டமிட முடியாதவனுக்கு இன்றைய நாள் பொய்யாகிவிடுகிறது. இங்கே அவர் வேலையிழந்தவர்களையும் சேர்த்து நினைவுகூர்கிறார். அந்த நிலையில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது, அவருக்காகக் காத்திருக்கும் ஒன்று. இனி வாழ்க்கையிடம் எதிர்பார்க்க எதுவுமில்லை என்றார்கள் இரண்டு கைதிகள். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை இருந்தது. மற்றவர் அறிவியலாளர், பாதியில் நின்ற நூல் வரிசை ஒன்று இருந்தது. அவர்களிடம் வாழ்க்கை எதிர்பார்ப்பது இன்னும் மீதி இருக்கிறது என்பதைக் காட்டியதுதான் ஃபிராங்க்ல் செய்த மருத்துவம்.

இவரைப் புனிதராக்கிவிடவும் கூடாது. நூலைப் படிப்பவர், அவர் ஆஷ்விட்ஸில் நெடுங்காலம் இருந்ததாகவே எண்ணுவார். உண்மையில் அது சில நாட்கள்தான். போருக்கு நடுவே வியன்னாவின் ராத்ஸ்சைல்ட் மருத்துவமனையில், விஷ அளவுக்குத் தூக்க மாத்திரை விழுங்கிய யூத நோயாளிகள் மீது, போதிய பயிற்சி இல்லாமலே மூளை அறுவைச் சோதனைகளைச் செய்தார் என்பதை வரலாற்றாய்வாளர் திமோத்தி பைட்டெல் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நாடு கடத்தப்படுவதற்கு அஞ்சிச் சாகத் துணிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய முடிவை அவர் மதித்தாரா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

கடல் கடந்த கிளை

சார்லட் பியூலரும் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். அங்கே மனிதநேய உளவியல் என்ற புதிய இயக்கம் பிறந்தபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1964 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் சேபுரூக்கில் கூடிய மாநாட்டில் ஆப்ரகாம் மாஸ்லோ, கார்ல் ரோஜர்ஸ், ரோலோ மே, ஜேம்ஸ் பியூஜென்டல் ஆகியோரோடு பியூலரும் அமர்ந்திருந்தார். மனிதனை எலிச் சோதனையின் முடிவாகவோ குழந்தைப் பருவத்தின் எச்சமாகவோ மட்டும் பார்ப்பது போதாது, தேர்ந்தெடுப்பவனாக, பொறுப்பேற்பவனாக, சாவை அறிந்தவனாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் பொது நிலைப்பாடு. 1958-லேயே ஐரோப்பிய இருத்தலியல் சிந்தனையை அமெரிக்க வாசகர்களுக்குத் தொகுத்துத் தந்திருந்தவர் ரோலோ மே. இரு ஓடைகளும் சேர்ந்ததைத்தான் இருத்தலிய-மனிதநேய உளவியல் என்கிறோம்.

இவர்களில் நம் கதைக்கு நெருக்கமானவர் ரோஜர்ஸ். ஒருவர் மனம் தேற, எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று 1957-இல் ஒரு கட்டுரையில் வரையறுத்தார். நிபந்தனையில்லாமல் ஏற்றல், அவர் இடத்திலிருந்து உணர்தல், பாசாங்கின்மை. பட்டம், அறிவுரை, நோய்க்குப் பெயர் சூட்டுதல் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. உளவியலாளர்களுக்கே இது அதிர்ச்சியாக இருந்தது. அப்படியானால் மருத்துவர் அல்லாதவரும் இதைச் செய்யலாமே?

லண்டனில் ஒரு பாதிரியார் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். சாட் வாராவுக்குத் தம் ஊழியத்தின் தொடக்கத்தில், 1935-இல், 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்ய நேர்ந்தது. முதல் மாதவிடாயை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்து, கேட்க யாருமில்லாமல், அவள் உயிரை விட்டிருந்தாள். 1953 நவம்பரில் வாரா தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரில் வந்தவர்கள் அவரைச் சந்திக்கக் காத்திருந்த வேளையில் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அவர்களிடம் பேசியே மனம் தேறி, பலர் அவரைப் பார்க்காமலே திரும்பிப் போனதைக் கண்டார். சில மாதங்களில் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு பிறந்தது இப்படித்தான். ரோஜர்ஸும் வாராவும் தனித்தனி வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்.

அந்த வழி சென்னைக்கு வந்தது 1986-இல். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அறிவுரை சொல்லாமல் கேட்டார்கள். தேர்வில் தோற்ற மாணவர்களுக்கு ஓராண்டு வீணாகாமல் உடனடியாக மறுதேர்வு எழுத வாய்ப்பு வேண்டும் என்று அவ்வமைப்பு வலியுறுத்தியது. தமிழகத்தில் அந்த ஏற்பாடு வந்தது. தோல்விக்கு அடுத்த மாதமே ஒரு தேதி காத்திருக்கும்படி செய்தால் போதும், சில உயிர்கள் மிஞ்சும்.

உலக சுகாதார நிறுவனம் இந்த எளிய வழியை ஐந்து நகரங்களில் சோதித்துப் பார்த்தது. பிரேசிலில் காம்பினாஸ், ஈரானில் கராஜ், சீனத்தில் யுன்செங், இலங்கையில் கொழும்பு, இந்தியாவில் சென்னை. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரித்தலும். 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு.

புறநகர் ரயில் போகும் ஊர்

சென்னை சென்ட்ரலிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகப் போகும் புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டியில் நிற்கிறது. சிப்காட் வளாகம், இரும்பு உருக்காலைகள், உருட்டாலைகள். அங்கே வேலைக்கு வருவோரில் பிகாரும் ஒடிசாவும் நிறைய. அதே ஊரில், 1990 வாக்கில் இரண்டாம் ஈழப்போருக்குத் தப்பிப் படகேறியவர்களால் நிறைந்த முகாம் ஒன்று இருக்கிறது. தமிழகத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் அதுவும் ஒன்று. புழலில் இன்னொன்று.

1983 முதல் தமிழகத்துக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவாகி, மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் கெடுபிடி கூடியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதே கடினமானது. 1992-க்கும் 1995-க்கும் இடையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். போர் மறுபடி மூள, மறுபடி படகுகள் வந்தன. 2021-லும் முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

தேதியில்லாத தற்காலிகம் என்று ஃபிராங்க்ல் சொன்னதற்கு இதைவிட நீண்ட எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நாஜி முகாமையும் இந்த முகாமையும் ஒன்றாக்குவது பெரும் பிழை. அங்கே கொலை, இங்கே அடைக்கலம். அரிசியும் மாதாந்தரப் பணக்கொடையும் பள்ளியும் தந்த மாநிலம் இது. ஆனால் மனத்துக்கு நேர்வதில் ஓர் ஒற்றுமை உண்டு. பத்துக்குப் பத்து அடி வீட்டைக் கட்டிக்கொடுக்கும்போது சில மாதத்துக்கென்று சொல்லப்பட்டது. அதில் பிறந்த குழந்தைக்கு இன்று குழந்தை இருக்கிறது. குறித்த நாளில் நேரில் நின்று பதிவைக் காட்ட வேண்டும். வெளியூரில் தங்க அனுமதி வேண்டும். காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவுக் காவலர் வந்து போவார். ஆண்களில் பெரும்பாலோருக்குப் பெயிண்டிங், கூலி வேலை. பொறியியல் முடித்தவருக்கும் அதே தூரிகை கைக்கு வருவதுண்டு, ஏனென்றால் பட்டம் இருந்தும் அடையாளச் சான்று கேட்கும் இடத்தில் அவர் அயல்நாட்டார். கூப்பிடு தூரத்தில் தொழிற்பேட்டையை வைத்துக்கொண்டு நிரந்தர வேலைக்குப் போக முடியாதவரின் மனநிலையை மரியந்தால் ஆய்வாளர்கள் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

இதை முகாம்வாசிகளே முதலில் உணர்ந்தார்கள். 1984-இல் இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் படிப்பை முதலிடத்தில் வைத்தது. என்றாவது திரும்பும் நாளில் ஊரைக் கட்டியெழுப்ப ஆள் தேவை என்பது அதன் வாதம். முகாம் பிள்ளைக்குச் சான்றிதழோடு சேர்த்து, அவனுக்காக ஓர் ஊர் காத்திருக்கிறது என்ற சேதியும் கிடைத்தது. ஃபிராங்க்லைப் படித்துச் செய்ததல்ல அது. ஆனாலும் அவருடைய மருத்துவமேதான். அகதிகளிலிருந்தே ஆற்றுப்படுத்துநர்களையும் அந்த அமைப்பு பயிற்றுவித்தது.

பின்னர் லட்சுமி விஜயகுமாரின் குழு தமிழகத்தின் இரண்டு இலங்கைத் தமிழர் முகாம்களில் ஓர் ஆய்வை நடத்தியது. முகாம்வாசிகளில் சிலரையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்து, மனமுடைந்தவர்களைத் தொடர்ந்து சந்திக்கச் செய்தனர். ஒவ்வொருவரும் ஓர் அட்டையைத் தாமே நிரப்பி வைத்துக்கொண்டனர். எண்ணம் முற்றும்போது முதலில் என்ன செய்வேன், யாரிடம் போவேன், எதைக் கைக்கு எட்டாமல் வைப்பேன் என்பவை அதில் இருந்தன. 2017-இல் வெளியான முடிவு: இந்த ஏற்பாடு இருந்த முகாமில் தற்கொலைகளும் முயற்சிகளும் சேர்ந்து, இல்லாத முகாமைவிடத் தெளிவாகக் குறைந்தன. தெரேசியன்ஸ்டட்டில் கைதியே கைதிக்குத் துணை நின்றதன் ஆய்வுச் சான்று இது என்று சொல்லலாம்.

ஆறுதலின் எல்லை

வெற்றிக் கதையாக இதோடு நிறுத்திவிட ஆசை வரும். நிறுத்தக்கூடாது. ஏனென்றால் ஃபிராங்க்லே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். துன்பத்திலும் அர்த்தம் காணலாம் என்பது தவிர்க்க முடியாத துன்பத்துக்கு மட்டும் பொருந்தும். தவிர்க்கக் கூடியதென்றால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல். வீணாகத் துன்பப்படுவதில் வீரம் எதுவுமில்லை. அவர் பெயரைச் சொல்லித் தன்னம்பிக்கை உரை ஆற்றுவோர் இந்த வரியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி முகாமின் துன்பத்தில் எது தவிர்க்க முடியாதது? போரில் இறந்தவர்கள் திரும்பமாட்டார்கள். அது தவிர்க்க முடியாதது. அதற்குத் துணையிருப்பும் காது கொடுப்பும் வேண்டும். மற்றவை சட்டத்தால் வந்தவை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றது, இலங்கை அதில் இல்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பதால், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் இந்தியக் கடவுச்சீட்டு பெற்றார், 2024-இல் வாக்களித்தார். அந்த ஜூலைக்குப் பின் பிறந்தவருக்கு அந்த வாசல் இல்லை. 2021 ஆகஸ்டில் மாநில அரசு 317.40 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்து, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. கூரை வந்தது, வழக்குப் பயம் குறைந்தது. குடியுரிமைக்கான தேதி மட்டும் இன்னும் குறிக்கப்படவில்லை.

மனவியலாளர் முகாமுக்குப் போக வேண்டும், தன்னார்வலர் போக வேண்டும். ஆனால் சட்டம் தாமதிக்கும் இடத்தை நிரப்ப ஆறுதலை அனுப்புவது, அந்தத் தாமதத்துக்குத் துணைபோவதாகவே முடியும். தேர்வில் தோற்ற மாணவனுக்குப் பேச்சுத்துணையும் கொடுத்து, மறுதேர்வுத் தேதியையும் கேட்டு வாங்கியது ஓர் அமைப்பு. முகாமுக்கும் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

(மனம் தளர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மாநில உதவி எண் 104, தேசிய உதவி எண் 14416, சிநேகா 044-24640050 ஆகியவற்றை அழைத்துப் பேசலாம்.)

அடுத்த அத்தியாயத்தில், காசநோய் விடுதியில் படுத்திருந்தபடி பதற்றத்தைப் பற்றி ஆராய்ந்த ரோலோ மே. மனிதனுக்குள் தீமை உண்டா என்று அவருக்கும் ரோஜர்ஸுக்கும் 1982-இல் நடந்த வாதம்.

(தொடரும்)